சீனி, சர்க்கரை, வெல்லம்: ஒரு வருத்தத்தின் பெயர்கள்

உம்மாவின் தகரப் பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. உள்ளே நிக்காஹ் பதிவின் பிரதி, வாப்பா உப்பளத்தில் வேலை செய்த காலத்துச் சம்பளத் துண்டுகள், ஓதுவதற்கு உம்மா கையில் வைத்திருந்த தஸ்பீஹ் மணி ஆகியவை கிடக்கின்றன. அவற்றுக்கிடையே நான்காக மடித்த ஓர் இரத்தப் பரிசோதனைத் துண்டும் உண்டு. 1996ஆம் ஆண்டு கண்ணில் வெள்ளை படர்ந்து சத்திர சிகிச்சைக்குப் போவதற்கு முன்னர் எடுத்தது. வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 134 என்று அதில் எழுதியிருக்கிறது. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு 'சரி' அடையாளம்.

"எனக்குச் சீனி வருத்தம் இல்ல மகன். இரிந்தா எறும்பு வந்திரிக்குமே" என்று அன்றைக்கு உம்மா சொன்னார். கொல்லைப்புறக் கக்கூஸில் எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது எங்கள் கரையில் பழைய பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த பரிசோதனை. டொக்டரின் சிவப்பு அடையாளத்தையும் உம்மாவின் எறும்பையும் நான் சேர்த்தே நம்பினேன். இத்தனைக்கும் கற்பிட்டி வீதியோரப் பாடசாலையொன்றில் தமிழ் மொழிமூலம் விஞ்ஞானம் கற்பித்துக் கொண்டிருந்தவன் நான். குருதி, சதையி, இன்சுலின், குளுக்கோசு என்று கரும்பலகையில் வருடந்தோறும் எழுதி அழித்தவன்.

வைத்தியர்கள் 'ஹைப்பர்கிளைசீமியா' என்கிறார்களே, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்ற கேள்விக்குப் பரீட்சையில் இரண்டு புள்ளி. 'ஹைப்பர்' என்றால் மேல், மிகை. 'கிளைக்கிஸ்' என்றால் இனிப்பு. 'ஹைமா' என்றால் இரத்தம். மூன்றும் கிரேக்கம். இரத்தத்தில் இனிப்பு மிகுதல். அவ்வளவுதான். ஆனால் இந்த மூன்று துண்டுகளும் ஒன்றாக ஒட்டுவதற்கு மனிதருக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வருடங்கள் பிடித்தன. அதுவரை இந்த வருத்தத்துக்கு வேறு பெயர்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை தண்ணீரைப் பற்றியவை.

புத்தளத்தில் கிளினிக் நாளொன்றில் வரிசையில் நின்றிருப்பவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். 1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாணத்திலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் எங்கள் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தனர். பாலாவி, தில்லையடி, ஆலங்குடா, கற்பிட்டி என்று ஓலைக் கொட்டில்களில் குடியேறியபோது அவர்களுடைய சொற்களும் கூடவே வந்தன. யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவிலிருந்து வந்த மாமி ஒருவர் "எனக்குச் சலரோகம்" என்பார். பக்கத்தில் நிற்கும் எங்களூர்க்காரி "எனக்குச் சீனி வருத்தம்" என்பார். இருவரும் ஒரே குளிசையை வாங்கிக் கொண்டு போவர். சுவரில் ஒட்டிய தாளில் 'நீரிழிவு' என்று அச்சிட்டிருக்கும். அதன் மேலே சிங்களத்தில் 'தியவெடியாவ'. வாயிலில் இரண்டு பெயர், சுவரில் இரண்டு பெயர். அவற்றில் சீனி வருத்தம் ஒன்றைத் தவிர மற்ற மூன்றும் தண்ணீர்.

சலம் என்றால் நீர். சலரோகம் நீர் நோய். சிங்களத்துத் 'திய' என்பதும் நீரே. நீர் கூடிப் போவது தியவெடியாவ. தமிழில் நீர் கூடவில்லை, இழிகிறது. இழிதல் என்றால் கீழே இறங்குதல், வழிந்தோடுதல். மலையிலிருந்து அருவி இழிகிறது என்று புலவர்கள் சொல்லும் அதே இழிதல்தான். ஆனால் இன்றைக்கு அந்தச் சொல்லைப் படிக்கிறவர் மனதில் அருவி வருவதில்லை. இழிவு என்றால் கேவலம் என்ற பொருள்தான் முந்திக் கொண்டு வருகிறது. என்னிடம் படித்த பிள்ளையொருவன், "சேர், இது கூடாத வருத்தமா? வெளியில சொல்லக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அவனுடைய வாப்பாவுக்கு அந்த வருத்தம்.

கிரேக்கர்களும் தண்ணீரைத்தான் பார்த்தார்கள். இன்றைய துருக்கி நாட்டில் அடங்கும் கப்பதோக்கியாவைச் சேர்ந்த அரிதேயஸ் என்ற வைத்தியர், கிறிஸ்துவுக்குப் பின் இரண்டாம் நூற்றாண்டளவில், இந்த வருத்தத்தை விரிவாக எழுதினார். 'டயபிட்டீஸ்' என்ற பெயர் ஊடாகக் கடந்து போவதைக் குறிக்கும். பீப்பாவிலிருந்து எண்ணெய் இறக்க ஒரு குழாயை வைத்து உறிஞ்சிவிட்டால் பிறகு தானாகவே ஓடிக் கொண்டிருக்குமே, அந்த மாதிரி. குடித்த தண்ணீர் உடம்பில் தங்காமல் ஓடிவிடுகிறது என்பதே அவர்கள் கண்டது.

இந்தப் பெயர் அரபு வைத்தியர்களிடம் வந்தபோது அவர்கள் அதை அரபு எழுத்தில் எழுதிக் கொண்டதோடு நிற்கவில்லை. 1037இல் மரணித்த இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' நூலில் இதற்கு வழங்கிய வேறு பெயர்களையும் தருகிறார். அவற்றுள் ஒன்று 'தூலாப்'. தூலாப் என்றால் நீரிறைக்கும் சக்கரம். கிணற்றில் தோண்டிகள் வரிசையாக இறங்கி, நிறைந்து, மேலேறி, கவிழ்ந்து, மறுபடி இறங்கும். நோயாளி குடிக்கிறார், போகிறார், தாகிக்கிறார், மறுபடி குடிக்கிறார். எனக்கு இந்த வருத்தத்தின் பெயர்களிலெல்லாம் மிகவும் பிடித்தது இதுதான். கிரேக்கர் குழாயைப் பார்த்தனர், அது ஒரு திசையில்தான் ஓடும். தாகத்தையும் சேர்த்துப் பார்த்தவர்களால்தான் சக்கரம் என்று சொல்ல முடியும். 1231இல் மரணித்த பக்தாத் அறிஞர் அப்துல் லத்தீப் இந்த வருத்தத்துக்கென்றே தனியாக ஒரு நூல் எழுதினார். யூனானி ஹக்கீம்கள் இன்றும் 'ஸியாபீதஸ்' என்ற சொல்லையே ஆளுகின்றனர்.

எறும்பைக் கண்டவர்கள் இந்தியர்கள். சரகர், சுஸ்ருதர் பெயரால் வழங்கும் நூல்கள் மேக நோய்களை 20 ஆக வகுத்து, அவற்றில் ஒன்றை மதுமேகம் என்றன. மது என்றால் தேன். எங்கள் சித்த வைத்தியத்திலும் அந்த 20 வகை மேகக் கணக்கு உண்டு. உம்மாவின் கக்கூஸ் பரிசோதனை அப்படியொன்றும் அற்பமானதல்ல, அது இரண்டாயிரம் வருடத்துப் பழைய ஆய்வுகூடம். சுஸ்ருதரின் நூலை அப்பாஸியர் காலத்தில் பர்மகீ வஸீர் யஹ்யா இப்னு காலித் அரபுக்கு மாற்றுவித்தார் என்று இப்னு நதீம் தமது 'பிஹ்ரிஸ்த்' நூலில் பதிந்திருக்கிறார். மொழிபெயர்த்தவர் மன்கா என்ற இந்திய வைத்தியர். தேனும் நீர்ச்சக்கரமும் பக்தாதில் ஒரே கூரையின் கீழ் இருந்தன என்று நினைக்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம்.

ஐரோப்பாவில் இந்த இனிப்பு வெகு பிந்தித்தான் வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் தோமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில வைத்தியர் நோயாளியின் சிறுநீர் இனிப்பதைச் சுவைத்து எழுதினார். டயபிட்டீஸ் என்பதற்குப் பின்னால் 'மெலிட்டஸ்', அதாவது தேன் போன்றது, என்ற வால் ஒட்டியது அதற்கும் பிந்தி. 1776இல் லிவர்பூல் நகரத்து மத்தேயு டொப்சன் இரண்டு காரியங்கள் செய்தார். நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து, அடியில் மிஞ்சியது சீனி போன்ற பொருள்தான் என்று காட்டினார். எங்கள் உப்பளத்தில் வெயில் செய்கிற வேலையை அவர் அடுப்பில் செய்தார். பிறகு நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரிந்த தெளிநீரையும் சுவைத்தார். அதுவும் இனித்தது.

இந்த இரண்டாவது சுவைதான் ஹைப்பர்கிளைசீமியா என்ற சொல்லின் கரு. அதுவரை சிறுநீரகத்தின் குற்றமாக, நீரின் குற்றமாக இருந்த ஒன்று அன்றைக்கு இரத்தத்துக்குள் போய்விட்டது. வெளியில் வருவது இனிப்பதற்குக் காரணம், அது வெளியில் வருமுன்பே உள்ளே இனிப்பாக இருந்ததுதான்.

இனி சீனி என்ற சொல்லுக்கு வருவோம். எங்கள் வீட்டில் நடந்த தவறுகளில் பாதி இந்தச் சொல்லால் வந்தவை.

சமஸ்கிருதத்தில் சர்க்கரா என்றால் முதலில் பருக்கைக் கல். கரும்புச் சாற்றைக் காய்ச்சி மணி மணியாக உறைய வைத்தபோது அந்தப் பெயர் இனிப்புக்கு வந்தது. பாரசீகத்தில் ஷகர் ஆகி, அரபில் ஸுக்கர் ஆகி, அங்கிருந்து ஐரோப்பா போய் ஆங்கிலத்தில் சுகர் ஆகி, கப்பலேறி எங்கள் கிளினிக்குக்குத் திரும்பி வந்தது. கண்டு என்பதும் அப்படித்தான். கற்கண்டில் இருக்கும் கண்டு அரபியில் கந்த் ஆனது. வெண்ணிறமாகத் தூய்மையாக்கிய இனிப்புக்குச் சீன தேசத்தின் பெயர் ஒட்டிச் சீனியாயிற்று. வட இந்தியாவில் கற்கண்டுக்கு மிஸ்ரி என்பர். மிஸ்ர் என்றால் எகிப்து. தமிழகத்தில் முந்திய தலைமுறை வெள்ளைச் சீனியை அஸ்கா என்றது. அது ஒரிசாவில் ஆலை இருந்த ஊரின் பெயர். ஆக இனிப்பின் பெயர்களெல்லாம் துறைமுகச் சிட்டைகள். 1344இல் இப்னு பதூதா வந்திறங்கி, கரையில் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடக்கக் கண்ட பத்தாலா எங்கள் புத்தளம்தான் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அப்படிப்பட்ட கரையில் சொற்கள் கலந்து கிடப்பதில் வியப்பில்லை.

கலந்த சொற்கள் எங்கே மனிதரை இடறிவிட்டன என்பதைச் சொல்கிறேன். தமிழகத்தில் சர்க்கரை என்றால் வெள்ளைச் சீனியும்தான். இலங்கைத் தமிழில் சர்க்கரை என்றால் பழுப்பு நிறக் கட்டி. வெள்ளைக்குச் சீனி என்றே சொல்வோம். தமிழகத்தில் அந்தக் கட்டியின் பெயர் வெல்லம். இலங்கையில் விஞ்ஞானப் புத்தகம் எழுதியவர்கள் வெல்லம் என்ற சொல்லை எடுத்து இரசாயனத்துக்கு வைத்தார்கள். பாலில் இருப்பதும் வெல்லம், பழத்தில் இருப்பதும் வெல்லம், குருதியில் இருப்பதும் வெல்லம். எனவே மூன்று சொற்கள், இரண்டு கரைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாமானைக் குறிக்கும். சென்னையிலிருந்து வந்த கைநூலொன்றை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அதில் 'சர்க்கரை நோயாளிகள்' என்று இருந்தது. "நாம எங்க மகன் சக்கரை திங்கிற? பெருநாளைக்கு வட்டிலாப்பத்துக்குப் போடுறது மட்டுந்தானே" என்றார்.

உம்மா செய்தது இதுதான். கண் சிகிச்சைக்குப் பிறகு, யாரும் சொல்லாமலே, "நமக்கு வயசு பெய்த்து" என்று தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை நிறுத்திவிட்டார். அதற்குப் பதிலாகக் கட்டியை ஒரு கடி கடித்துக் கொண்டு கசப்புத் தேத்தண்ணி குடித்தார். அது சீனி அல்லவே, சக்கரையல்லவா. பேரீச்சம்பழம் சுன்னத்து. தேன் ஷிபா. சோறு சோறுதான், அதில் என்ன இனிப்பு இருக்கிறது?

சோற்றில் இருக்கும் இனிப்பை உலகத்துக்கு விளங்கவைத்த வழி நீளமானது. 1815இல் பிரான்சில் ஷெவ்ரல் என்ற இரசாயனவியலாளர், நோயாளியின் சிறுநீரில் இருப்பது கரும்புச் சீனியல்ல, திராட்சையில் இருக்கும் வெல்லம் என்று காட்டினார். அதற்குத்தான் பிறகு குளுக்கோசு என்று பெயர் வந்தது. ஆகச் சீனி வருத்தத்தில் இருக்கும் சீனி, சீனிப் போத்தலில் இருக்கும் சீனியே அல்ல. 1848இல் குளோட் பெர்னார்ட் இன்னும் ஒரு படி போனார். இறைச்சி மட்டும் தின்னக் கொடுத்த நாயின் ஈரலிலிருந்து வெளிவரும் இரத்தத்திலும் வெல்லம் இருக்கக் கண்டார். நாய் இனிப்பே தின்னவில்லை. ஈரல் தானே செய்து இரத்தத்தில் விடுகிறது. உடம்பு தன் இனிப்பைத் தானே சமைத்துக் கொள்கிறது என்பது அன்றைக்குப் பெரிய அதிர்ச்சி.

1889இல் மிங்கோவ்ஸ்கியும் வொன் மெரிங்கும் நாயொன்றின் சதையியை அகற்றியபோது அதற்கு இந்த வருத்தம் வந்தது. 1921இல் கனடாவின் டொரொண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். இலங்கர்கானின் சிறுதீவுகளில் சுரப்பதால் இலத்தீனில் தீவைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதற்கு அந்தப் பெயர். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் உண்டு, விட்டுவிடுகிறேன்.

பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு கணக்கு இருக்கிறது. வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தம். வெறும் வயிற்றில் ஒரு டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே குளுக்கோசு இருந்தால் ஆரோக்கியம். பெருக்கிப் பார்த்தால் முழு இரத்தத்திலும் 5 கிராம். ஒரு தேக்கரண்டி. ஒரு மனிதனை நடக்க, பேச, தொழ வைக்கும் இரத்தம் முழுவதிலும் எந்த நேரத்திலும் கரைந்திருப்பது ஒரு தேக்கரண்டி இனிப்பு மட்டும். ஒரு பீங்கான் நிறையச் சோறு செரிக்கும்போது குறைந்தது பதினைந்து தேக்கரண்டி குளுக்கோசு அந்த ஆற்றில் வந்து விழும். இன்சுலின் அதை உடனுக்குடன் தசைக்கும் ஈரலுக்கும் அள்ளிக் கொடுத்து, ஆற்றை மறுபடி ஒரு தேக்கரண்டிக்குக் கொண்டு வருகிறது. அள்ளுகிற கை சோரும்போது இரத்தத்தில் இனிப்பு ஏறுகிறது.

ஏறி 180 அளவைத் தாண்டினால்தான் சிறுநீரகத்தால் பிடித்து வைக்க முடியாமல் வெளியில் விடும். வெளியேறும் வெல்லம் தண்ணீரையும் இழுத்துக் கொண்டு போகும். அதனால் தாகம், அதனால் குடம் குடமாகக் குடிப்பது, அதனால் எறும்பு. கிரேக்கரின் குழாய், இப்னு ஸீனாவின் நீர்ச்சக்கரம், எங்கள் நீரிழிவு, சலரோகம், மதுமேகம் எல்லாம் இந்த 180க்கு மேலே நடப்பவை. அதற்குக் கீழே ஒரு தளம் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஓடாது, தாகம் எடுக்காது, எறும்பு வராது. ஆனால் கண்ணின் நுண்குழாய்களும் காலின் நரம்புகளும் வருடக் கணக்கில் இனிப்பில் ஊறிக் கொண்டிருக்கும். பழைய பெயர்கள் ஒன்றுக்கும் அந்தத் தளத்தைப் பார்க்கும் கண் இல்லை. ஹைப்பர்கிளைசீமியா என்ற சொல்லுக்கு மட்டுமே இருந்தது. அதுவும் ஓர் இலக்கத்தை நம்பியே பார்த்தது.

அந்தச் சொல்லைத் தமிழில் சொல்ல எங்களிடம் ஆட்கள் இல்லாமலில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலைத்தேய வைத்தியம் கற்பித்து, உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவம், இரசாயனம் என்று நூல்களைத் தமிழாக்கினார். 1873இல் அவர் நாடு திரும்பினார். அதற்கு மூன்று வருடம் முன்னரே, 1870இல், கொழும்பில் ஆங்கில மொழிமூல வைத்தியக் கல்லூரி திறந்தாயிற்று. எங்கள் கற்பிட்டியிலும் சொல் சேர்ப்பவர்கள் பிறந்திருக்கிறார்கள். 1807இல் இங்கே பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கை முழுவதற்கும் ஊர் விபரக் கோவை எழுதினார். சுதந்திரத்துக்குப் பிறகு அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. குருதியும் சதையியும் வெல்லமும் எனது கரும்பலகைக்கு வந்தது அந்த வழியால். வைத்தியரோ ஆங்கிலத்தில் எழுதினார், தாதி சிங்களத்தில் விளக்கினார், உம்மா கரைத் தமிழில் கேட்டார். எனது கலைச்சொற்கள் பரீட்சை மண்டபத்தைத் தாண்டி எங்கும் போகவில்லை.

சிரிப்பான காரியமும் நடந்திருக்கிறது. வெறும் வயிற்றில் இரத்தம் எடுப்பதை எல்லா ஆஸ்பத்திரியிலும் 'பாஸ்டிங்' என்பார்கள். வரிசையில் நின்ற ஒருவர் அதை மாமி ஒருவருக்கு "நோன்பு புடிச்சிட்டு வரணுமாம்" என்று விளங்கப்படுத்தியிருக்கிறார். மாமி முறைப்படி எழும்பி, ஸஹருக்குச் சோறும் மீனாணமும் வயிறாரச் சாப்பிட்டு, நிய்யத்து வைத்து, சுபஹுத் தொழுதுவிட்டு எட்டு மணிக்கு இரத்தம் கொடுத்தார். குறைந்தது எட்டு மணித்தியாலம் சாப்பிடாமல் வர வேண்டிய பரிசோதனை. இலக்கத்தைப் பார்த்தவர்கள் பயந்து போனார்கள். மாமிக்கோ, நோன்போடு போயும் இப்படியா என்று கவலை. தண்ணீர் குடிக்கலாம் என்பதை அவருக்கு யாருமே சொல்லவில்லை.

சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. ஒரு றமழானில் அயல்வீட்டுப் பெரியவர் ஒருவர் அஸருக்குப் பிறகு வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி விறாந்தையில் சாய்ந்துவிட்டார். இன்சுலின் ஊசி போடுபவர், வீட்டார் தடுத்தும் நோன்பு பிடித்தவர். அவருக்கு இனிப்பு ஏறவில்லை, இறங்கியிருந்தது. வைத்தியர்கள் அதை 'ஹைப்போ' என்பார்கள். ஹைப்பருக்கும் ஹைப்போவுக்கும் காதில் எவ்வளவு வித்தியாசம்? ஓடி வந்த நான் சீனித் தண்ணீர் கேட்டேன். வீட்டார் அசையவில்லை. "சீனி வருத்தக்காரனுக்குச் சீனி குடுக்கவா சேர்? மௌத்தாகிடுவாரே" என்றார் மகன். அவன் சொன்னதில் பிழையில்லை, வருத்தத்தின் பெயரே அப்படித்தானே சொல்கிறது. மஃரிபுக்கு ஊறப் போட்டிருந்த பேரீச்சம்பழத் தண்ணீரை உள்ளேயிருந்து ஒரு சிறுமி கொண்டு வந்தாள். அது சீனி இல்லை என்பதால் எவரும் தடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பெரியவர் கண் திறந்தார்.

அன்றிலிருந்து நான் வகுப்பில் கலைச்சொல்லை எழுதிய பிறகு கீழே ஊர்ப் பேச்சையும் எழுதத் தொடங்கினேன். "சுகர் ஏறிட்டு", "சுகர் இறங்கிட்டு." யோசித்துப் பார்த்தால் ஹைப்பர், ஹைப்போ இரண்டையும் இந்த இரண்டு வினைகளும் எவ்வளவு துல்லியமாகப் பிடித்துவிட்டன. காய்ச்சல் ஏறும் இறங்கும், களப்பில் தண்ணீர் ஏறும் இறங்கும். பண்டிதர்கள் பெயர்ச்சொல்லைத் தேடிக் கொண்டிருக்கையில் கிளினிக் வரிசையில் நின்ற பெண்கள் வினைச்சொல்லால் வேலையை முடித்துவிட்டார்கள். பரீட்சைத் திணைக்களம் இதற்குப் புள்ளி தராது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லித்தான் எழுதினேன்.

இனி அந்த 134.

உம்மாவின் இரத்தம் எடுத்த 1996இல் யாரும் பிழை செய்யவில்லை. அன்றைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் விதிப்படி வெறும் வயிற்றில் 140 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் நீரிழிவு. 134 அதற்குக் கீழே. சிவப்பு அடையாளம் சரியானதே. அடுத்த வருடம், 1997இல், அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் நிபுணர் குழு அந்த எல்லையை 126க்கு இறக்கியது. 1999இல் உலக சுகாதார நிறுவனமும் அதை ஏற்றது. கண்ணின் விழித்திரையில் சேதம் தோன்றத் தொடங்குவது எந்த அளவில் என்று பார்த்தே இறக்கினார்கள். அமெரிக்காவின் பீமா பழங்குடியினரிடமும் எகிப்தியரிடமும் எடுத்த அளவுகள் அதற்கு ஆதாரம். சொல் மாறவில்லை, அதற்குள் இருந்த இலக்கம் 14 இறங்கியது. படுத்து எழும்புவதற்குள் உலகில் எத்தனையோ இலட்சம் பேர் நோயாளிகள் ஆனார்கள். உம்மாவும் அவர்களில் ஒருவர். யாரும் அவருக்கு அறிவிக்கவில்லை. எப்படி அறிவிப்பது? அவர் சுகதேகி என்ற துண்டு அவர் பெட்டியில் பத்திரமாக இருந்தது. ஆசிரியர் விளக்கக் கைநூலில் புதிய எல்லையை நான் வாசித்தது 2001இல். வாசித்தேன், பிள்ளைகளுக்குச் சொன்னேன். வீட்டில் இருந்த துண்டு ஞாபகத்துக்கு வரவில்லை.

அந்த வருடம் வாடைக் காலத்தில் களப்புக் கரையில் விறகு பொறுக்கப் போன உம்மாவின் வலது காலில் மட்டி ஓடு ஏறியிருக்கிறது. உம்மாவுக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் ஓடு காலுக்குள்ளேயே இருந்தது. பாயில் பட்ட ஈரத்தைப் பார்த்து எனது மனைவிதான் கண்டுபிடித்தாள். "நோகல்லயே புள்ள" என்றார் உம்மா, ஏதோ நல்ல செய்தி போல. உப்புத் தண்ணீரில் கழுவினால் ஆறும் என்பது உப்பளத்துக் குடும்பத்தின் வைத்தியம். நோகாத காலை வெந்நீர் உப்பில் வைத்துப் பொக்களமும் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன அன்று இரத்தத்தில் 312. இரண்டு விரல்களை எடுத்தார்கள். உம்மா 2004இல் மௌத்தானார்.

இலங்கையில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் எடுத்து 2008இல் வெளியான ஆய்வொன்று, வளர்ந்தவர்களில் 10.3 வீதத்தினருக்கு இந்த வருத்தம் இருக்கக் கண்டது. அப்படிக் கண்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குத் தமக்கு வருத்தம் இருப்பதே அதுவரை தெரியாது. எறும்பு வராத தளத்தில் இருந்தவர்கள் என்று நான் அவர்களை நினைத்துக் கொள்கிறேன். இப்போது எங்கள் வீட்டில் விரலில் குத்திப் பார்க்கும் சிறு கருவி இருக்கிறது. எனக்கும் ஏறியிருக்கிறது. காலையில் பேத்தி இலக்கத்தை வாசித்துவிட்டு, "இன்டைக்கு இறங்கிட்டு அப்பா" என்பாள். கூடவே காலையும் திருப்பிப் பார்ப்பாள்.

போன மாதம் அந்தத் துண்டை விரித்து வெளிச்சத்தில் பிடித்தேன். உம்மாவுக்குத் தமிழ் எழுத்து வராது. மத்ரஸாவில் படித்த அரபுத் தமிழ்தான் வரும். துண்டின் பின்பக்கத்தில் பென்சிலால், அந்த எழுத்தில், கடைக்குப் போகும் வாப்பாவுக்கு ஒரு சிட்டை எழுதியிருக்கிறார். அரிசி, தேயிலை, செத்தல் மிளகாய், மண்ணெண்ணெய், சக்கரை. சீனியும் எழுதியிருந்தது. அதன் மேல் ஒரு கோடு.